கோமாரி மணலுக்குள் கிடந்த பெயாரிங்

கல்முனையில் நான் கராஜ் வைத்திருந்த காலம் முழுவதும் என் வாயிலிருந்து வந்த சொற்களில் மிகப் பாரமானது "போகும்" என்ற ஒரு சொல்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாய் வந்திருக்கிற தம்பிமாருக்கு அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்க யாரிடமும் படித்துக்கொள்ளலாம். கழற்றுவதும் பூட்டுவதும் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வண்டிக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து "போகுமா?" என்று கேட்கிற அந்த நிமிடத்தில் என்ன சொல்வது என்பது அவ்வளவு சீக்கிரம் வராது. எனக்கு அது வருவதற்கு ஒரு சூறாவளி வேண்டியிருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியை உங்கள் வாப்பாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மறுநாள் விடிந்தபோது எங்கள் பக்கத்துத் தென்னைகள் வாரிவிட்ட தலைமயிர் போல ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடந்தன. என் கராஜின் கூரைத் தகரங்களை இரண்டு வளவு தள்ளிப் போய்ப் பொறுக்கி எடுத்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. நல்ல வேலைக்காரன் என்று ஊரில் பெயர் இருந்தது. எல்லோரும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்கும் பிடித்திருந்தது.

ஒரு கிழமை கழித்து அப்போதிக்கரி ஐயா ஒருவர் கராஜுக்கு வந்தார். அரசாங்க மருந்துச்சாலையில் வேலை செய்த தமிழர். டாக்டர் இல்லாத ஊர்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். சாகாமத்தில் கிணறுகளுக்குள் வெள்ளம் புகுந்து, அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் என்று அவருக்குச் செய்தி வந்திருந்தது. சேலைன் பெட்டிகளும் மருந்தும் இரண்டு மூடை அரிசியும் தயாராக இருந்தன. கொண்டு போகத்தான் வண்டியில்லை. லொறி போகப் பாதை இல்லை. உழவு மெஷின்கள் எல்லாம் விழுந்த மரங்களை இழுத்துக்கொண்டிருந்தன.

நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவருடைய பழைய ஜீப் என் கராஜில் நின்றது. உலக யுத்தத்துக்கென்று வந்து, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் போன வகை. ஸ்டேரிங் இடப்பக்கம் இருக்கும். முன்னும் பின்னும் நான்கு சில்லும் சுற்றி இழுக்கும். எருமை இறங்குகிற சேற்றில் அதுவும் இறங்கி ஏறும். போடியாரிடம் கேட்டோம். "கொண்டு போங்க, மனிசர்ர உயிர விட வண்டி பெரிசா" என்று சொல்லிவிட்டார்.

என்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். அடியிலிருந்து ஒரு தட்டல் கேட்டது. மெல்லிய, ஒழுங்கான தட்டல்; யாரோ கதவை ஒற்றை விரலால் தட்டுவது போல. அது என்னவென்று எனக்குத் தெரியும். பிஸ்டனின் கை, என்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டைப் பிடிக்கிற இடத்தில் பிறை போல இரண்டு உலோகத் துண்டுகள் உண்டு. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பெயாரிங். அது தேய்ந்தால் இப்படித் தட்டும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்லலாம். கழற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும்.

கராஜைச் சுற்றி இருபது பேராவது நின்றார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போகுமா தம்பி?" என்று ஐயா கேட்டார்.

"போகும் ஐயா" என்றேன்.

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் என் பெயர் கொஞ்சம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவுமில்லை. அவசரம், பிள்ளைகளின் உயிர் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவசரம் என்றால் அரை நாள் செலவழித்துக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அவசர வேலைக்குப் போகிற வண்டிதான் நடுவழியில் நிற்கக்கூடாது.

ஐயாவையும் உதவிக்கு இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அக்கரைப்பற்றைத் தாண்டும் வரை தட்டல் அப்படியே இருந்தது. அதன் பிறகு விரலால் தட்டியது முட்டியால் தட்டுவது போலாகி, திருக்கோவிலுக்குள் நுழையும்போது சுத்தியல் அடியாகிவிட்டது. உடனே என்ஜினை நிறுத்தினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. இன்னும் நூறு யார் தூரம் ஓடியிருந்தால் கை முறிந்து என்ஜினைத் துளைத்திருக்கும்.

வீடிழந்த சனம் தங்கியிருந்த கோயில் மடத்தின் பக்கம் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போனோம். நான் கீழே படுத்து ஒயில் சம்பைக் கழற்றினேன். சம்ப் என்பது என்ஜினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டு. அந்த ஒயிலுக்குள் வெள்ளி மினுக்கம் போல உலோகத் தூள் மிதந்தது. ஒரு பெயாரிங் உருகிப் போயிருந்தது.

"இது கொழும்புலயும் தேடித்தான் எடுக்கணும் ஐயா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஐயா ஏசவில்லை.  மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் ரெண்டு பேரோட குறுக்கால நடந்து போறன். இடுப்பளவு வெள்ளம், சேலைன் பெட்டியத் தூக்க ஏலாது. குளக்கட்டால சுத்திப் போற பாதையில ஜீப்புதான் போகும். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள கொண்டு வருவீங்களா?"

"தெரியா ஐயா" என்றேன். "என்னால ஏலுமானதச் செய்யிறன்."

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அந்தப் பதிலைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஜீப்பின் அருகே குந்தியிருந்தேன்.

மடத்தில் அரிசி வாங்கக் கோமாரியிலிருந்து மாட்டு வண்டிலில் வந்த சிலர் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், ஜீப்பின் ஸ்டேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பவளம் என்று பெயர். மீன் காயவைத்து விற்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"இதுக்கு என்ன வேணும் பாஸ்?" என்று கேட்டார்.

"இதே மாதிரி இன்னொரு ஜீப் வேணும் அக்கா" என்றேன். எரிச்சலில் சொன்னது.

"இருக்கு" என்றார் பவளக்கா. "எங்கட அப்பா ஓட்டினது. கோமாரி ஆத்துவாய்க்குள்ள போய் முப்பது வருசமாகுது. மண் மூடிக் கிடந்தது. இந்தப் புயல் மண்ண அள்ளிக்கிட்டுப் போயிட்டு. இப்ப நாலு சில்லும் மேல தெரியுது."

முப்பது வருடம் உப்புத் தண்ணீருக்குள் கிடந்த இரும்பில் என்ன மிஞ்சியிருக்கும்? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் சொன்ன கடைசி வார்த்தை மண்டையில் ஏறியது. நான்கு சில்லும் மேலே என்றால் ஜீப் தலைகீழாகக் கிடக்கிறது. தலைகீழாகக் கிடந்தால் சம்ப், கவிழ்த்து வைத்த கோப்பை போல மேலே இருக்கும். ஒயில் தண்ணீரில் மிதக்கும். கீழிருந்து தண்ணீர் ஏற ஏற, ஒயில் மேலே போய் அந்தக் கோப்பைக்குள் அகப்பட்டு நிற்கும். கிராங்கும் பெயாரிங்கும் இருப்பது அந்த இடத்தில்தான்.

"போய்ப் பாக்கலாமா அக்கா?"

"பாருங்க. ஆனா ஒண்டு பாஸ், நான் வாற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க."

நான் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிப் புறப்பட்டேன். அவர் அரிசி வண்டிலில் வந்தார். பாதை முழுக்க மரங்கள். பாதித் தூரம் சைக்கிள்தான் என் தோளில் சவாரி செய்தது. பின்னேர அஸர் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முந்திக் கோமாரியை அடைந்தேன்.

கடலோரக் களப்பில் தேங்குகிற தண்ணீர் கடலில் விழுகிற இடத்தை ஆற்றுவாய் என்பார்கள். மழை இல்லாத மாதங்களில் அதை மணல் மூடிவிடும். சனம் அதன் மேலால் நடக்கும், வண்டியும் ஓட்டும். மாரியில் வெள்ளம் கூடினால் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். அந்த ஆற்றுவாயின் ஓரத்தில், சூறாவளி அறுத்துவிட்ட மணல் சுவருக்குக் கீழே, சாம்பல் நிறக் களிக்குள் அது கிடந்தது. நான்கு சில்லும் வானத்தைப் பார்த்தபடி. டயர்கள் உரிந்து தொங்கின. அடிச்சட்டம் முழுக்கத் துருவும் சிப்பியும். நடுவில் என்ஜினின் அடிப்பக்கம் ஒரு பெரிய ஆமையின் முதுகு போலத் தெரிந்தது.

ஸ்பேனர் பை என் கையில் இருந்தது. அவரைக் காணவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வாடைக் காற்றில் அலை ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் கூட ஏறி வந்தது. கழற்றத் தொடங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொன்னது. சாகாமத்துப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லியும் அது என்னை உசுப்பியது. ஆனால் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தார். மணலில் அஸர் தொழுதுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தேன்.

பவளக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. வண்டிலை விட்டு இறங்கிக் கடற்கரையால் நடந்து வந்திருக்கிறார்.

"நான் அப்ப ஒம்பது வயசுப் பிள்ளை" என்றார். "மீன் முதலாளி ஒருத்தர்ர ஜீப் இது. அப்பாதான் ஓட்டினவர். அவருக்குப் பக்கத்துல, வலப்பக்கம் நான் இருந்து போயிருக்கன். அண்டைக்கு மீன் ஏத்தப் போனவர்தான். ஆத்துவாய் உடைஞ்சு வண்டியோட போயிட்டார். மூணாம் நாள் உடம்பு கரையில ஒதுங்கிச்சு."

ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"கூட ஒரு நடை மீன் ஏத்திற ஆசையில, ஆறு உடையிறதக் கண்டும் வண்டிய விட்டவன் எண்டு ஊர் சொல்லிச்சு. முதலாளிர வண்டியையும் நாசமாக்கினவன் எண்டு. ஆத்துக்குள்ள வண்டி விட்டவன்ட மகள் எண்டுதான் எனக்குப் பேர். புருசன் வீட்டிலயும் அதைச் சொல்லித்தான் ஏசுவாங்க." பிறகு, "இப்ப கழட்டுங்க பாஸ்" என்றார்.

பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். போல்ட்டுகள் திரும்பவில்லை. உளியால் தலைகளை வெட்டி எடுத்தேன். சம்பின் விளிம்பை நெம்பியபோது முதலில் ஒரு வாசம் வந்தது. ஒயில் வாசம். கடற்கரையில், முப்பது வருடம் கழித்து, இப்போதுதான் ஊற்றினது போல. தட்டு தூக்குப்பட்டது. உள்ளே கறுத்து, தேன்பாகு போலத் தடித்து, ஒயில் நின்றது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் ஒரு இடத்தைத் துடைத்தேன்.

கிராங்க் பளபளத்தது.

தம்பிமாரே, நான் எத்தனையோ புது என்ஜின் பார்த்திருக்கிறேன். பெட்டியை உடைத்துத் தாளைப் பிரித்து எடுத்திருக்கிறேன். அவை எதுவும் என்னை அப்படி நிறுத்தவில்லை. சுற்றிலும் எல்லாவற்றையும் உப்புத் தின்று முடித்திருந்தது. கையால் தொட்டால் அடிச்சட்டம் ஓடு ஓடாக உதிர்ந்தது. அதன் நடுவில், ஒரு சாண் ஆழத்துக்குள், என் முகம் தெரிகிற அளவுக்கு இரும்பு மினுங்கிக்கொண்டிருந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். பவளக்கா குனிந்து பார்த்தார்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு கைகளின் மூடிகளையும் கழற்றினேன். பெயாரிங்கின் ஒரு பாதி மூடியோடு வந்துவிடும். மறு பாதி கைக்கும் கிராங்குக்கும் நடுவில் நிற்கும். அதை எடுக்கக் கிராங்கைக் கொஞ்சம் சுற்ற வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி, இரும்புக் கம்பியை மாட்டி நெம்பினேன். முக்கி முக்கி அசைந்தது. முதல் துண்டு என் விரலோடு வழுகி வந்தது. நல்ல துண்டு. இன்னும் கொஞ்சம் நெம்பினேன். அப்போது கண் ஓரத்தில் வேறு ஏதோ அசைந்தது.

கியர் பெட்டிக்குப் பின்னால் சில்லுக்குப் போகிற நீள இரும்புத் தண்டு, சாப்ட். அதன் பின்பக்க மூட்டு உப்பில் கரைந்து போயிருந்ததால் அது விடுபட்டுக் கிடந்தது. நான் கிராங்கைச் சுற்றும்போது அதுவும் சுற்றியது. அதில் புதுமை இல்லை. ஏதாவது ஒரு கியரில் கிடந்தால் சுற்றத்தான் செய்யும். ஆனால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

என் கை நின்றுவிட்டது.

முன்னுக்குப் போகிற கியரில் கிடந்தால் கிராங்கும் சாப்ட்டும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றுவது ஒரே ஒரு கியரில்தான்.

"என்ன பாஸ்?" என்றார் பவளக்கா.

அன்றைக்குக் காலையில் பாதி தெரிந்ததை முழுதாய்த் தெரிந்தது போல் சொன்னவன் நான். இந்த மனுசிக்கும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்றேன். சாப்ட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். மறுபடி கிராங்கைச் சுற்றினேன். எதிர்ப்பக்கம். கம்பியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிச் சுற்றினேன். எதிர்ப்பக்கம். கியர் பெட்டியைச் சுற்றிக் களி கல்லாக இறுகிக் கிடக்கிறதா, பிறகு யாராவது கியரை மாற்றியிருக்க இடமுண்டா என்று சுற்றிவரத் தோண்டிப் பார்த்தேன். கியர்த் தடி மண்ணுக்குள் குத்தி நின்றது. முப்பது வருடமாக எந்த மனிதக் கையும் அதைத் தொட்டிருக்க முடியாது. மூன்றாம் தரமும் சுற்றினேன்.

பிறகு எழுந்து நின்றேன்.

"அக்கா, உங்கட அப்பா ஆத்துக்குள்ள வண்டி விடல்ல."

அவர் என்னைப் பார்த்தார்.

"இந்த வண்டி ரிவர்ஸ் கியர்ல கிடக்கு. பின்னுக்கு எடுத்திருக்கார். முன்னால மண் உடையிறதக் கண்டு, திரும்பி வரத்தான் பாத்திருக்கார். பின்னாலயும் மண் போயிருக்கும். அதனாலதான் வரேலாமப் போயிட்டு."

"மெய்யா சொல்றீங்களா?"

"மூணு தரம் சுத்திப் பாத்துட்டன். நீங்களும் பாருங்க."

கம்பியை அவர் கையில் கொடுத்தேன். அவர் நெம்பினார். சுண்ணாம்புக் கோடு மெல்ல மெல்ல மறுபக்கம் போனதை இருவரும் பார்த்தோம். கம்பியை விட்டுவிட்டு அவர் அந்த அடிச்சட்டத்தில் கையை வைத்தார். துரு உதிர்ந்தது. கையை எடுக்கவில்லை.

"வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கார்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தான் சொன்னார்.

நான்கு பெயாரிங்கில் இரண்டு பழுதில்லாமல் தேறின. இருட்டுவதற்குள் அவற்றை ஒயிலில் நனைத்த துணியில் சுற்றிக்கொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டு, விடியவே திருக்கோவிலுக்கு மிதித்தேன். கிராங்கில் உருகி ஒட்டியிருந்ததைச் சுரண்டி, மெருகேற்றி, பூட்டினேன். அந்த வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீங்களும் செய்வீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பூட்டி முடித்த பிறகு உடனே புறப்படவில்லை. அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்து ஓடவிட்டு, மறுபடியும் கீழே படுத்து, சம்பை இறக்கி, ஒயிலில் தூள் இருக்கிறதா என்று பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் பொறுமை இழந்து கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டேன். தூள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஏறினேன்.

குளக்கட்டுப் பாதையில் தண்ணீர் சில இடங்களில் பொனட் வரை வந்தது. ஜீப் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தட்டல் இல்லை. சாகாமத்தில் ஐயா பள்ளிக்கூட வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. சேலைன் பெட்டிகளைக் கண்டதும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே பாயில் பதினொரு பிள்ளைகள் கிடந்தார்கள். அந்தப் பதினொரு பேரும் எழும்பி நடந்தார்கள். பன்னிரண்டாவதாய் ஒரு பிள்ளை இருந்தது. அது அன்று காலையிலேயே மௌத்தாகியிருந்தது.

நான் முதல் நாளே போயிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா என்று ஐயாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் நாங்கள் சந்தித்துக் கதைத்திருக்கிறோம். அந்தக் கேள்வி எங்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது. உங்களில் யாராவது அவசரத்தில் "போகும்" என்று சொல்ல வாயெடுத்தால், அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாரி முடிகிற நேரம், பாதை திறந்ததும், பவளக்கா ஆள் அனுப்பியிருந்தார். "பாஸ் ஒருக்கா வந்துட்டுப் போகட்டும்" என்று. போடியாரிடம் கேட்டு அதே ஜீப்பில் போனேன். கோமாரி ஆற்றுவாயைப் பார்த்தபோது திகைத்துவிட்டேன். கடல் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தது. சில்லும் இல்லை, சட்டமும் இல்லை. வெள்ளை மணல் மட்டும். அதன் மேலால் ஆட்கள் நடந்து போனார்கள். சூறாவளிக்கும் இதற்கும் நடுவில் சில கிழமைகள்தான் அது வெளியில் தெரிந்திருக்கிறது. அந்தச் சில கிழமைக்குள் எனக்கு அந்தப் பெயாரிங் வேண்டி வந்ததை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

தோணிகள் இழுத்து வைத்திருந்த இடத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு முதியவர், எழுபதைத் தாண்டியவர், தோணி விளிம்பில் இருந்தார். பவளக்கா அவரைக் காட்டினார்.

"இவர்தான் அண்டைக்கு ஆத்துக்கு அங்கால நிண்டு கண்டவர். இவர் சொன்னதத்தான் ஊர் சொல்லுது. நான் சொன்னா ஒருத்தரும் நம்பிறாங்க இல்ல. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கிராங்க் எந்தப் பக்கம் சுற்றியது, சாப்ட் எந்தப் பக்கம் சுற்றியது, கியர்த் தடி எப்படி மண்ணில் இறுகிக் கிடந்தது, மூன்று தரம் எப்படிப் பார்த்தேன் என்று இரண்டு கையாலும் சுற்றிக் காட்டிச் சொன்னேன். அந்த மனிதர் மனதில் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது, கியர் எங்கே கிடந்தது என்பதுதான் தெரியும் என்றும் சொன்னேன்.

 காற்றில் தோணிக் கயிறுகள் அடிபட்டுக்கொண்டிருந்தன.

"அண்டைக்கு நல்ல மழை" என்றார் முதியவர். "வண்டிர முகம் எனக்கு நேர இருந்திச்சு. சில்லு எந்தப் பக்கம் சுத்திச்சு எண்டு நான் காணல்ல. சத்தம்தான் கேட்டன். பெரிய சத்தம். அப்பிடி ஒரு சத்தம் அந்த வண்டியில நான் அதுக்கு முந்திக் கேட்டதில்ல. வேகம் வச்சு ஆத்தக் கடக்கப் பாக்கிறான் எண்டு நினைச்சன். அப்பிடித்தான் சொன்னன்." பவளக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அது பின்னுக்கு எடுத்த சத்தமா புள்ள?"

பவளக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சத்தம் எப்பிடி இருக்கும் பாஸ்?"

நான் போய் ஜீப்பில் ஏறினேன். பின்பக்கம் ஆளில்லை என்று பார்த்தேன். நான்கு சில்லும் இழுக்கும்படி தடிகளைப் போட்டு, ஆகக் குறைந்த கியருக்கு இறக்கி, ரிவர்ஸில் போட்டேன். மணலில் சில்லு புதையப் புதைய அக்ஸிலரேட்டரை முழுதாய் அமத்தினேன். என்ஜின் அலறியது. கடற்கரை முழுக்க அந்த அலறல் போனது. கடல் சத்தம் அதற்குள் கேட்காமல் போனது. ஜீப் நடுங்கி, மணலைத் தோண்டி, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு ஏறியது.

முதியவர் தோணி விளிம்பிலிருந்து எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்.

பவளக்கா ஜீப்போடு கூடவே நடந்து வந்தார். வலப்பக்கமாக வந்தார். பொனட்டில் ஒரு கையை வைத்திருந்தார். உள்ளே அவருடைய தகப்பனின் வண்டியிலிருந்து எடுத்த பெயாரிங் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தட்டுமா என்று நான் கண்ணால் கேட்டேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.